சிலேட்டு என்று சொன்னவள்

...இரண்டும் கறுப்பு, இரண்டும் தட்டை, இரண்டும் உள்ளங்கை அகலம், போதாததற்கு இரண்டிலும் ஒரு மூலை உடைந்திருக்கிறது, அதுவும் ஒரே மாதிரி, வேண்டுமென்றே தேடிப் பொறுக்கி வைத்திருக்கிறாள் பாறைப் பாடம் நடத்துகிற இந்த லிண்ட்குவிஸ்ட், இருபத்திரண்டு மேசையில் இருபத்தொன்றுக்கு ட்ரீனா பதில் எழுதிவிட்டாள், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கனசதுரமாக உடைகிற உப்புக்கல் ஹாலைட், அமிலச் சொட்டு விழுந்ததும் நுரைத்த சுண்ணாம்புக்கல், எல்லாம் ஆயிற்று, இது ஒன்றுதான் பாக்கி, பதினேழாம் மேசை, அட்டையில் நீல மையில் இரண்டே வரி. ஒன்று ஷேல், ஒன்று சிலேட்டு, எது எது? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? முதல் கேள்விக்கு ஒரு மதிப்பெண், இரண்டாவதற்கு நான்கு. குருட்டாம்போக்கில் எழுதினால் முதல் கேள்வியில் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ஆனால் அந்த நான்கு... அந்த நான்கு மதிப்பெண் இல்லாவிட்டாலும் பரீட்சையில் தேறிவிடலாம், அது அவளுக்குத் தெரியும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள், ஆனால் அவள் இங்கே வந்தது தேறுவதற்கா? நாற்பத்து நான்கு வயதில், பிள்ளைகளின் வயதில் இருப்பவர்களோடு, முன்பு செருப்புக் கடையாக இருந்து இப்போது சமுதாயக் கல்லூரியின் கிளையாகிவிட்ட இந்தக் கட்டடத்தில், ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு நாள் உட்கார்ந்தது எதற்கு? இந்த இரண்டாவது கேள்விக்காகத்தானே. எப்படித் தெரிந்துகொண்டீர்கள். அதே கேள்வி. அச்சு அசல் அதே கேள்வி.

கடிகாரத்தில் இன்னும் பதினெட்டு நிமிஷம். கடைசி இருபது நிமிஷத்தில் யாரும் எந்த மேசைக்கும் திரும்பிப் போகலாம் என்பது விதி, மற்ற விதிகள் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கின்றன, கல்லை உடைக்கக் கூடாது, கல்லை நக்கக் கூடாது. இரண்டாவது விதியைப் படித்தபோது முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம்தான் தெரிந்தது, கல் படித்தவர்கள் நிஜமாகவே நக்கிப் பார்ப்பார்களாம், களிமண் கலந்த கல் நாக்கில் ஒட்டுமாம். சரி, நக்க வேண்டாம், மூச்சு விட்டுப் பார்க்கலாம் அல்லவா, புத்தகத்தில் இருக்கிறது, ஷேல் மீது வாயால் ஊதி உடனே முகர்ந்தால் மழை பெய்த மண் வாசனை வரும், ஊதினாள், முகர்ந்தாள், இரண்டிலும் கைக்குப் பூசுகிற லாவெண்டர் கிரீம் வாசனை, எத்தனை வருஷமாக எத்தனை மாணவிகளின் கை பட்ட கற்களோ. ஆணியால் கீறினாள், இரண்டிலும் கீறல் விழுந்தது. பீங்கான் ஓட்டில் இழுத்தாள், இரண்டும் சாம்பல் கோடு. அமிலம், இரண்டும் பேசாமல் இருந்தன. பட்டுத் துணி மாதிரி லேசாக மினுங்கினால் சிலேட்டு என்கிறது புத்தகம், குழல் விளக்கடியில் எதுதான் மினுங்காது, அதிலும் இத்தனை கை எண்ணெய் ஏறிய பிறகு. பூதக்கண்ணாடியை வைத்து ஓரத்தைப் பார்த்தாள், படிந்த வரி ஒரு பக்கமும் பிளக்கிற வரி வேறு பக்கமும் ஓடினால் சிலேட்டு, சந்தேகமே இல்லை, ஆனால் இந்தப் பாவி வைத்திருக்கிற இரண்டிலும் வரிகள் ஒரே பக்கமாக ஓடுகின்றன, அடுக்கிய காகிதம் போல.

அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அசையாத தண்ணீரில் சேறு இறங்குகிறது, மாவை விட மெல்லிய சேறு, ஒரு படிவின் மேல் இன்னொரு படிவு, மேலே ஏறிய பாரம் கீழே இருப்பதை நசுக்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது, மிச்சம் ஷேல். கதை அதோடு முடிந்தால் ஷேல் ஷேலாகவே இருக்கும், இந்த மலைகளில் கதை அதோடு முடிந்துவிட்டது. வேறு இடங்களில் முடியவில்லை, நிலத்தட்டுகள் முட்டிக்கொண்டு மலை எழும்பியபோது அதே ஷேல் இன்னொரு முறை நசுக்கப்பட்டது, இந்த முறை மேலிருந்து அல்ல, பக்கவாட்டில், அதோடு சூடும் சேர்ந்தது, உள்ளே இருந்த களிமண் துகள்கள் உருகாமலேயே உருமாறி மெல்லிய மைக்கா செதில்களாகி, நசுக்கின திசைக்குக் குறுக்கே எல்லாம் ஒன்றுபோலத் திரும்பிப் படுத்துக்கொண்டன, இறுக்கிப் பின்னிய பாய் மாதிரி, அதுதான் சிலேட்டு. ஷேலுக்கு ஒரு பிறவி, சிலேட்டுக்கு இரண்டு. இதை லிண்ட்குவிஸ்ட் பிப்ரவரியில் மாவு பிசைந்து காட்டினாள், நன்றாகத்தான் காட்டினாள், அதில் குறை சொல்ல முடியாது, முப்பத்தொரு வயது, மினசோட்டாக்காரி, மூன்று ஊர்க் கல்லூரிகளுக்கு மாறி மாறிக் காரோட்டிப் போய்ப் பாடம் நடத்துகிறாள், மதியச் சாப்பாட்டைக் காரிலேயே சாப்பிடுகிறாள் என்று கேள்வி. ஆனால் அந்தச் சிவப்பு மை. ட்ரீனாவின் முதல் செய்முறைத் தாளில் பதினோரு இடத்தில் சிலேட்டு என்று எழுதியிருந்தாள், பதினோரு இடத்திலும் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஷேல், ஷேல், ஷேல் என்று பதினோரு தடவை.

மிஸஸ் ரேட்லிஃப், இந்த மாவட்டத்துல சிலேட்டே கிடையாது, நக அளவு கூடக் கிடையாது, நீங்க பாக்கறது எல்லாம் ஷேல்தான் என்றாள் அவள், நிதானமாக, சிரித்த முகத்தோடு. எங்க மாவட்டம் முழுக்க அதைச் சிலேட்டுன்னுதான் சொல்லுது மிஸ், எங்க அப்பா சொன்னாரு, அவரோட அப்பா சொன்னாரு. அப்ப மாவட்டம் முழுக்கத் தப்பாச் சொல்லுது. சொல்லிவிட்டுப் போகட்டும், மினசோட்டாவில் சுரங்கக் கூரைக்குக் கீழே நின்றிருக்கிறாளா இவள்? எந்தக் காலத்திலோ கடல் தாண்டி வேலைக்கு வந்த எவனோ ஒருவன், அவன் ஊரில் சிலேட்டு வெட்டிப் பழகியவனாக இருக்கலாம், நிலக்கரிக்கு மேலே கறுப்பாகத் தட்டையாகப் பிளக்கிற கல்லைப் பார்த்து வாய்க்கு வந்த பேரை வைத்துவிட்டுப் போயிருப்பான், அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது, அந்தப் பேரைச் சொல்லித்தான் விலகு என்று கத்தினார்கள், சிலேட்டு வருது என்று கத்தினால் ஓடிப் பிழைத்தார்கள், ஷேல் வருது என்று கத்தியிருந்தால் யார் ஓடியிருப்பார்கள்? அன்று வகுப்பில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள், உங்க புத்தகம் எங்க மேல விழுந்ததில்ல மிஸ், அந்தக் கல்லு விழுந்திருக்கு. லிண்ட்குவிஸ்ட் முகம் சிவந்தது, அது சரிதான், ஆனாலும் ஷேல்தான் என்றாள். அந்த ஆனாலும்... அந்த ஆனாலும் ட்ரீனாவுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. கோபத்தோடு வீட்டுக்குக் காரோட்டிப் போனவள் பாதி வழியில் சிரித்துவிட்டாள்.

சாம்பல் கோட்டுக்காரன் அப்படி இல்லை. அவனும் சிரித்த முகம்தான், ஆனால் அவன் சிரிப்பு வேறு சாதி. போன ஜூலையில், கோர்ட்டுக்குப் போகும் முன்பே சாட்சிகளைக் கேட்டுப் பதிவு செய்கிற விசாரணை, ஓட்டல் கூட்ட அறையில் நீளமான மேசை, இந்தப் பக்கம் அவளும் வெர்லினின் வக்கீலும், அந்தப் பக்கம் சுரங்கக் கம்பெனியின் வக்கீல், சாம்பல் கோட்டு, ஒரு மூலையில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்கிற பெண். வெர்லின் ஹேகர், பதினாறு வருஷம் அவளோடு ஒரே எந்திரத்தில் நிலக்கரிச் சுரங்கக் கூரைக்குப் போல்ட்டு அடித்தவன், அவள் இடப்பக்கம், அவன் வலப்பக்கம், இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் தன் வீட்டு முன்னறையில் சக்கர நாற்காலியில் இருக்கிறவன். அவனுடைய வழக்கு முழுவதும் ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது, கூரை கெட்டிருந்தது கம்பெனிக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா. தெரியும், நான் சொன்னேன், ஃபோர்மேன் ஹாஸ்கெல்கிட்ட என் வாயால சொன்னேன் என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தாள், அது ட்ரீனா. என்ன சொன்னீங்க மேடம்? மூணாவது பாதையில சிலேட்டு மேளமடிக்குது, ஆளை அனுப்பாத, முட்டுக் கொடுத்துட்டு அனுப்புன்னு சொன்னேன். சிலேட்டா? ஆமா, சிலேட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அந்தக் காலத்துல எழுதுவாங்களே, அந்தச் சிலேட்டா? வீட்டுக் கூரைக்கு ஓடா வேயறாங்களே, அதா? அவன் ஒரு காகிதத்தை மேசையில் தள்ளினான், அந்தச் சுரங்கத்தில் சிலேட்டு என்ற பாறையே இல்லை என்று எழுதி ஒரு நிபுணர் போட்ட கையெழுத்து. இல்லாத கல்லு எப்படி மேடம் மேளமடிக்கும்? நீங்க பாறையியல் எங்க படிச்சீங்க? கல்லு கெட்டிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க? பதினாறு வருஷம்... தட்டினேன்... கேட்டேன்... அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை, மூன்று விநாடியோ நான்கு விநாடியோ, பிறகு தட்டச்சுக் காகிதம் வந்தபோது படித்தாள், அந்த மூன்று விநாடியையும் அந்தப் பெண் விடாமல் அடித்திருந்தாள், அடைப்புக்குறிக்குள், சாட்சி பதில் சொல்லவில்லை.

அதே நாள் மதியம் ஹாஸ்கெல் வந்தான், டை கட்டிக்கொண்டு. வாழ்நாளெல்லாம் சிலேட்டு சிலேட்டு என்று கத்தியவன், அன்று பளிச்சென்று ஷேல் என்றான், யாரோ வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், மூன்று இடத்தில் ஷேல், ஒரு இடத்தில் கூடத் தடுக்கவில்லை. ட்ரீனா அவனிடம் சொன்னாளாம், அதை மறுக்கவில்லை, அதனால் அவனே போய்க் கடப்பாரையால் தட்டிப் பார்த்தானாம், கணீரென்று இருந்ததாம், திடமான கூரையாம், அதற்குச் சாட்சி அவன் எழுதி வைத்த சுண்ணக்கட்டி எழுத்து, ஆறாம் எண் புகைப்படம், பாருங்கள். அவள் பொத்தென்று கேட்டதாகச் சொல்கிறாள், அவன் கணீரென்று கேட்டதாகச் சொல்கிறான், அவளுக்குக் கல்லின் பேரே தெரியவில்லை, அவனுக்குத் தெரிகிறது. யாரை நம்புவார்கள்? வெர்லினின் வக்கீல் வெளியே கார் நிற்கும் இடத்தில் மெதுவாகச் சொன்னாள், மே மாசம் நீதிபதிக்கு முன்னாடி இதே கேள்விய மறுபடி கேப்பாங்கம்மா, அப்ப பதில் வேணும். அதனால்தான் ஜனவரி. அதனால்தான் செருப்புக் கடை.

இன்னும் பன்னிரண்டு நிமிஷம். பின்னால் யாரோ நிற்கிறார்கள், எல்வுட், ஓய்வு பெற்ற தபால்காரர், பொழுது போகாமல் கல் படிக்க வந்தவர், அவரும் பதினேழில் மாட்டிக்கொண்டிருக்கிறார் போல. முடிஞ்சுதாம்மா? இல்லைங்க. ரெண்டையும் முகந்து பாத்தேன், என் பொண்டாட்டி கைப்பை வாசனைதான் வந்துது. போங்க எல்வுட், அந்தப் பக்கம் போய்க் குவார்ட்ஸைப் பாத்துக்கிட்டு இருங்க. அவர் முனகிக்கொண்டே போனார். ட்ரீனா இரண்டு கற்களையும் பார்த்தாள், நான்காக மடித்த தேங்காய்ப்பூத் துண்டின் மேல் இரண்டும் குளித்துவிட்டுப் படுத்த மாதிரி கிடந்தன. தட்டிப் பார்த்தால் என்ன? ஏன் முதலிலேயே தோன்றவில்லை, புத்தகத்தில் கூட ஒரு வரி இருக்கிறது, சிலேட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், ஷேல் மந்தமாக, படித்தபோது மனதுக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு கூட வந்ததே. தோன்றாததற்குக் காரணம், கூரையைத் தட்டுவது வேறு, மேசை மேல் கிடக்கிற பலகாரம் அளவு கல்லைத் தட்டுவது வேறு, அங்கே நீ தட்டுவது உன் உயிருக்காக. ஆணியைத் தலைகீழாகப் பிடித்து அதன் கொண்டையால் இடப்பக்கத்துக் கல்லைத் தட்டினாள். பொத். வலப்பக்கம். பொத். மறுபடியும். பொத், பொத். பதினாறு வருஷத்துக் காது, இரண்டும் பொத்தென்கிறது. அவ்வளவுதானா இந்தக் காது? இதை நம்பியா வெர்லினை...

இல்லை, காது பொய் சொன்னதில்லை, விசாரணைக்கு முந்தின வருஷத்து அந்த ஆகஸ்டு காலையும் சொல்லவில்லை. கோடையில் மேலேயிருந்து காற்றோட்டத்தோடு ஈரம் உள்ளே இறங்கும், குளிர்ந்த கல் அதைக் குடித்து வியர்க்கும், களிமண் துகள் தண்ணீர் குடித்தால் ஊதும், ஊதினால் அடுக்கு அடுக்காக விட்டுப் போகும், இதெல்லாம் இப்போது தெரியும், அப்போது தெரிந்தது ஆகஸ்டில் சிலேட்டு மோசம் என்பது மட்டும்தான். போல்ட்டு என்ன செய்கிறது? கூரையில் நாலடிக்குத் துளை போட்டு, பசையைச் செருகி, கம்பியை ஏற்றிச் சுற்றினால், கீழே இருக்கிற இரும்புத் தட்டு கூரையோடு அழுந்தி, விட்டுப் போகப் பார்க்கிற அடுக்குகளை எல்லாம் மேலேயுள்ள திடமான கல்லோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும், காகிதக் கட்டை ஊசி குத்தி வைப்பது மாதிரி. நாலடிக்கு ஒன்று. ஊசிக்குப் பக்கத்தில் காகிதம் இறுக்கமாக இருக்கும், இரண்டு ஊசிக்கு நடுவில்... அவள் எந்திரத்தை நிறுத்திவிட்டு இடக்கை விரல்களைக் கூரையில் வைத்து வலக்கையிலிருந்த கடப்பாரை முனையால் தட்டினாள், எப்போதும் போல, காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்தது, உள்ளே ஏதோ நடுங்குகிறது, மேளத் தோல் மாதிரி. ஏய் கூட்டாளி, கேட்டியா? என்றாள். வெர்லின் தொப்பி விளக்கைத் திருப்பி, என் பொண்டாட்டி தூக்கத்துல கூட இத விட நல்லாப் பேசுவா என்றான். ஹாஸ்கெலிடம் போய்ச் சொன்னாள். சிலேட்டு எப்பவும் ஏதாவது பேசிக்கிட்டேதான் இருக்கும் ட்ரீனா, அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தா எப்பக் கரி வெட்டறது? ஆனால் போனான், அதையும் சொல்ல வேண்டும், போய்த் தட்டினான், ஒரு தட்டு, அந்தச் சுரங்கத்து வழக்கப்படி தட்டின இடத்திலேயே சுண்ணக்கட்டியால் தேதி, நேரம், பேரின் முதலெழுத்துகள், எச்.சி., ஏழு நாற்பது. பதினொன்றரைக்கு வெர்லின் மின்கம்பியைத் தூக்கி மாட்டப் போனான், நான்கு போல்ட்டுக்கு நடுவிலிருந்து அரை மேசை அகலத்தில் ஒரு பலகை, அறுநூறு பவுண்டு, சத்தமே இல்லாமல்...

வேண்டாம், இப்போது அது வேண்டாம், அதற்குள் போனால் திரும்பி வர ஒரு மணி நேரமாகும், பத்து நிமிஷம்தான் இருக்கிறது. நேற்று வெர்லின் போன் செய்தான். என்ன கூட்டாளி, காலேஜுக் கண்ணு, நாளைக்குப் பரீட்சையாமே? ஆமா. பேரைச் சரியாச் சொல்லிடு, ஷேல் ஷேல் ஷேல், குளிக்கும்போது சொல்லிப் பாரு. நான் ஏன்டா மாத்திச் சொல்லணும், விழுந்தது அதே கல்லுதானே? விழுந்தது அதேதான், ஆனா எனக்காக மாத்திக்கோ, நீதிபதிக்கு முன்னாடி ஷேல்னு சொல்லு, வெளிய வந்து என் காதுல சிலேட்டுன்னு சொல்லு. சிரித்தான். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சிரிப்பு நின்றதும் கேட்டான், ஹாஸ்கெலுக்கு நெஜமாவே கணீருன்னு கேட்டிருக்குமா ட்ரீனா? நான் படுத்துக்கிட்டு அதத்தான் யோசிக்கறேன். அவன் பொய்யனில்ல, சோம்பேறி, அவ்வளவுதான். அவள் என்ன சொன்னாள்? தெரியல என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. ஒரே கல், ஒரே காலை, அரை மணி நேர இடைவெளி, அவளுக்குப் பொத், அவனுக்குக் கணீர். பொய் என்று சொல்லிவிட்டால் சுலபம், ஆனால் பொய் என்று நிரூபிக்க என்ன இருக்கிறது, காதையா கழற்றிக் காட்ட முடியும்?

இங்கே கற்கள் இரண்டு, சத்தம் ஒன்று. அங்கே கல் ஒன்று, சத்தம் இரண்டு. இது என்ன கூத்து. மறுபடியும் தட்டினாள், பொத். துண்டின் மேல் தட்டினாள், கல்லில்லாத இடத்தில், பொத். மேசையைத் தட்டினாள், டக். மறுபடி கல், பொத். இரு. துண்டும் பொத், கல்லும் பொத். அப்படியானால் இத்தனை நேரமாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது எதை? கல்லையா, துண்டையா? கல் நடுங்க முடிந்தால்தானே கத்தும், அடியில் மெத்தை போல இந்தத் துண்டு எல்லா நடுக்கத்தையும் வாங்கி விழுங்கிவிடுகிறது, அடித்த மணியைக் கையால் பொத்திக்கொண்ட மாதிரி. கல்லைக் கேட்க வேண்டுமானால் அதைப் பிடித்திருக்கிற எல்லாவற்றையும் விலக்க வேண்டும்... கற்கள் உருண்டு விழக் கூடாதே என்று துண்டைப் போட்டவளும் தெரிந்து போடவில்லை போலும். ட்ரீனா இடப்பக்கத்துக் கல்லைத் துண்டிலிருந்து எடுத்தாள், உள்ளங்கையில் வைக்கவில்லை, உள்ளங்கையும் மெத்தைதான், உடைந்த மூலையை மட்டும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டாள், எலியை வாலில் பிடித்துத் தூக்குவது மாதிரி, ஆணியால் தட்டினாள். பொத். ஈர மரக்கட்டை மாதிரி. அடுத்ததை எடுத்தாள், அதே மாதிரி ஓரத்தில் பிடித்தாள், தொங்கவிட்டாள், தட்டினாள்.

கணீர்.

அறை முழுக்கக் கேட்டது. பீங்கான் தட்டு, ஈஸ்டர் சாப்பாட்டுக்கு மட்டும் எடுக்கிற நல்ல பீங்கான் தட்டு, கரண்டி பட்டால் வருமே அந்தச் சத்தம், பதினெட்டுத் தலைகள் திரும்பின, எல்வுட் குவார்ட்ஸைக் கீழே போட்டுவிட்டார். மிஸஸ் ரேட்லிஃப், என்ன பண்றீங்க? கேக்கறேன் மிஸ். உடைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. உடைக்கல, நக்கல, கேக்கறேன், கேக்கக் கூடாதுன்னு எழுதல. லிண்ட்குவிஸ்ட் பலகையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தில் ஒன்று வந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாது, தன் ஊர் ஆளைத் தூர தேசத்துப் பேருந்து நிலையத்தில் பார்த்தவள் முகம் மாதிரி. அஞ்சு நிமிஷம் இருக்கு என்றாள் எல்லாருக்கும் பொதுவாக. ட்ரீனா இன்னொரு முறை தட்டினாள், தேவையில்லை, ஆனாலும் தட்டினாள். கேள், நன்றாகக் கேள், இது சிலேட்டு, இரண்டாம் பிறவி எடுத்த கல், செதிலும் செதிலும் இறுகப் பின்னியது, தட்டின தட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடறாமல் ஓடுகிறது. அது ஷேல், அடுக்குக்கு அடுக்கு மெதுவாக இடம் கொடுக்கிறது, தட்டின தட்டு வழியிலேயே தொலைந்து போகிறது. நாற்பத்து நான்கு வருஷத்தில் இன்றைக்குத்தான் நிஜச் சிலேட்டின் குரலைக் கேட்கிறாள். எங்கள் தலைக்கு மேலே இருந்தது இது இல்லை. சரி, பேர் தப்பு, ஒப்புக்கொள்கிறேன், பேர் மட்டும்.

தன் விடைத்தாளை இழுத்து எழுதத் தொடங்கினாள், இடப்பக்கத்துக் கல் ஷேல், வலப்பக்கத்துக் கல் சிலேட்டு, எப்படித் தெரிந்துகொண்டீர்கள்... பேனா நின்றது. பிடித்திருக்கிற விதத்தைப் பொறுத்துச் சத்தம் மாறும். துண்டு பிடித்தால் சிலேட்டு கூடப் பொத்தென்கிறது. அப்படியானால் இரும்பு பிடித்தால்? இறுக்கிக் கவ்வி மேலே நாலடி திடமான கல்லோடு சேர்த்துக் கட்டினால், விட்டுப் போன ஷேல் கூட... அவள் எப்போதும் இரண்டு போல்ட்டுக்கு நடுவில்தான் தட்டுவாள், ஏன் என்று யோசித்ததில்லை, எந்திரம் அங்கேதான் நிற்கும், அவளும் அங்கேதான் நிற்பாள், கை தானாகப் போகும். ஹாஸ்கெல் எங்கே தட்டினான்? தட்டின இடத்தில் எழுது, அதுதானே வழக்கம். ஆறாம் எண் புகைப்படம். எத்தனை முறை பார்த்திருப்பாள், ஒவ்வொரு முறையும் அந்த எழுத்தையும் அந்த நேரத்தையும் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள், எச்.சி., ஏழு நாற்பது, வெள்ளை வெளேரென்று, ஒரு நாளாவது அது எதன் மேல் எழுதியிருக்கிறது என்று பார்த்தாளா? கல்லில் இல்லை. விழுந்த பள்ளத்தின் ஓரத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த போல்ட்டின் தட்டில். இரும்பில். அவன் போல்ட்டுக்கு அடியில் தட்டியிருக்கிறான். அவனுக்குக் கணீரென்றுதான் கேட்டிருக்கும் வெர்லின், அவன் பொய் சொல்லவில்லை, அவன் கேட்டது இரும்பும் மேலே இருந்த நல்ல கல்லும் பேசினதை, நான் கேட்டது கீழே விட்டுப் போயிருந்ததை. அங்கே தட்டினால் எப்போதும் கணீரென்றுதான் இருக்கும் என்பது இருபத்தைந்து வருஷம் ஃபோர்மேனாக இருந்தவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தா அங்கே தட்டினான்? அது அவளுக்குத் தெரியாது, எந்தக் கல்லும் அதைச் சொல்லாது, அதை மே மாசம் அவனே சொல்லட்டும், டை கட்டிக்கொண்டு வரட்டும், அந்த மூன்று விநாடி இந்த முறை அவனுக்கு. சாம்பல் கோட்டுக்கு முன்னால் இரண்டு கல்லையும் ஒரு துண்டையும் வைப்பாள், விட மாட்டோம் என்பார்கள், கேட்டுப் பார்ப்பாள், ஷேல் என்றே சொல்வாள், சத்தமாகச் சொல்வாள். பின்னால் எல்வுட் மூச்சு விடுவது கேட்டது, இடம் குடும்மா, நாலு மார்க்கு. இருங்க, எழுதிட்டு எழுந்திரிக்கறேன். எழுதினாள், விடைத்தாளில் இடம் போதாமல் பின்பக்கமும் திருப்பி எழுதினாள். கல்லைத் துண்டின் மேல் வைத்துத் தட்டக் கூடாது. ஒரு ஓரத்தை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்ட வேண்டும், கணீரென்றால் சிலேட்டு, பொத்தென்றால் ஷேல். சுரங்கக் கூரையாக இருந்தால் போல்ட்டுக்கு அடியில் தட்டக் கூடாது, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தட்ட வேண்டும்.